பொருளின் பெயர் சொல்லாத பாட்டு

கேமரா வாங்கிய புதிதில் ஒருவர் கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்துத் தள்ளுகிறார். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாம் மங்கல். தன் அசட்டுத்தனத்தைத் தானே கிண்டலடித்து அவர் பாடுவதாக அமைந்த பாட்டு ஒன்று 1951 செப்டம்பரில் ஜப்பானிய வானொலியில் ஒலித்தது. தலைப்பு 'நான் ஓர் அமெச்சூர் கேமராக்காரன்'. பாடியவர் ஹைதா கட்சுஹிகோ, அக்காலத்தின் முன்னணிப் பாடகர். காசு கொடுத்தது கொனிஷிரோகு. 'சகுரா' ஃபிலிம் தயாரித்த நிறுவனம், பிற்காலத்தில் கொனிகா என்று உலகம் அறிந்ததும் இதைத்தான். பாட்டை எத்தனை முறை கேட்டாலும் கம்பெனியின் பெயரோ ஃபிலிமின் பெயரோ காதில் விழாது. இரண்டுமே அதில் இல்லை.

ஜப்பானின் முதல் விளம்பரப் பாட்டு என்று சொல்லப்படுவது இதுதான். அந்த மாதம் 1ஆம் தேதிதான் நகோயாவிலும் ஒசாகாவிலும் தனியார் வானொலி நிலையங்கள் தொடங்கியிருந்தன. அதுவரை காற்றலையில் இருந்தது என்.எச்.கே. மட்டுமே. கேட்பவர்களிடம் கட்டணம் வசூலித்து நடக்கும் பொது ஒலிபரப்பு என்பதால் அதில் விளம்பரத்துக்கு இடம் கிடையாது. ஆகவே விளம்பரம் எப்படி இருக்க வேண்டும் என்று அறிவிப்பாளருக்கும் தெரியாது, காசு கொடுக்கும் முதலாளிக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் இப்படியொரு பாட்டுக்கு வழிவிட்டது என்று நினைக்கிறேன். இரண்டு வருடம் கழித்து யாராவது இதை எழுதியிருந்தால் சகுரா ஃபிலிமின் பெயரை எட்டு முறையாவது உள்ளே திணிக்கச் சொல்லியிருப்பார்கள்.

எழுதி இசையமைத்தவர் மிகி தொரிரோ. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் என்.எச்.கே.யின் ஞாயிற்றுக்கிழமை நகைச்சுவை நிகழ்ச்சியில் அரசியல்வாதிகளை வாரு வாரு என்று வாரியவர். 1947இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சி 1952இல் நின்றது. மேலிடத்துக்குப் பிடிக்காமல் போனதுதான் காரணம் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். நையாண்டிக்காரருக்கு அடுத்து சோறு போட்டது விளம்பரம். நிகழ்ச்சிக்காகக் கூடிய இளைஞர் கூட்டம் அவரோடு தொடர்ந்தது. 'சுகியாகி' என்ற பெயரில் உலகமெங்கும் பரவிய பாட்டின் வரிகளை எழுதிய ஏய் ரொகுசுகே, இசையமைப்பாளர் இசுமி தாகு, பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற நொசாகா அகியுகி எல்லாம் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். விளம்பரத் துறையின் முதல் தலைமுறைக் கவிஞர்கள் பலர் நையாண்டியிலிருந்து வந்தவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், ஜப்பானிய விளம்பரங்களில் இன்றுவரை தலைகாட்டும் கிறுக்குத்தனத்துக்குக் காரணம் புரியும்.

1953 ஆகஸ்ட் 28இல் நிப்பான் டெலிவிஷன் என்ற முதல் தனியார் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. முதல் விளம்பரம் செய்கோ கடிகாரத்துடையது. ஃபிலிமைத் தவறாக மாட்டிவிட்டதால் அது ஒழுங்காக ஓடவில்லை என்பது அந்தத் துறையில் எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை.

படம் வந்தபின் பாட்டின் வேலை மாறியது. பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற காலம் பிறந்தது. மிகி தொரிரோவே அதிலும் கைதேர்ந்தவர். மட்சுஷிதா நிறுவனத்தின் (இன்றைய பானசோனிக்) 'நேஷனல்' பாட்டு அவருடையது. வீட்டில் இருப்பதெல்லாம் நேஷனல்தான் என்று ஒரு குடும்பமே குதூகலமாகப் பாடும். மின்விளக்கு, வானொலி, துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. பாட்டில் இருக்கும் உற்சாகம் வெறும் விற்பனை உற்சாகம் மட்டுமல்ல.

பெயரைச் சொல்லும் பாட்டுகளில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். தோக்கியோவுக்குத் தென்மேற்கே இசு தீபகற்பத்தில் இதோ என்ற வெந்நீர் ஊற்று ஊர் இருக்கிறது. அங்கே ஹதோயா என்று ஒரு ஹோட்டல். 1960களின் தொடக்கத்தில் அவர்கள் தொலைக்காட்சிக்கு ஒரு பாட்டுக் கேட்டார்கள். வரிகள் நொசாகா, மெட்டு இசுமி தாகு. இதோவுக்குப் போவதென்றால் ஹதோயா, தொலைபேசி எண் 4126. பாட்டின் சாரம் இவ்வளவுதான். ஜப்பானிய மொழியில் நான்கு, ஒன்று, இரண்டு, ஆறு என்ற எண்களை ஒருவிதமாகச் சேர்த்து உச்சரித்தால் 'யோய் ஃபுரோ' என்று வரும். நல்ல குளியல் என்று அர்த்தம். எண்ணைச் சொல்வதற்குள்ளேயே ஹோட்டல் எதற்குப் பேர்போனது என்பதும் வந்துவிடுகிறது. இந்தப் பாட்டை எழுதிய அதே கை சில ஆண்டுகளில் 'மின்மினிகளின் கல்லறை' என்ற கதையை எழுதி 1968இல் நவோகி இலக்கியப் பரிசு பெற்றது. போரில் அனாதையான அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகும் கதை. தகஹாதா இசாவோ எடுத்த அனிமேஷன் படமாக அதைப் பார்த்து அழாத தமிழ் ரசிகர்கள் குறைவு. ஹோட்டல் பாட்டும் அந்தக் கதையும் ஒரே ஆளுடையவை என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

மெட்டுக்குக் காசு செலவழிக்காத கம்பெனிகளும் உண்டு. கஸ்தேரா என்ற கேக்கை விற்கும் நாகசாகி வம்சாவளிக் கடை புன்மெய்தோ, வெள்ளைக் கரடிப் பொம்மைகள் வரிசையாகக் கால் தூக்கி ஆடும் விளம்பரத்துக்கு ஓஃபன்பாக்கின் புகழ்பெற்ற கான்கான் இசையை எடுத்துக்கொண்டது. மதியம் மூன்று மணிக்குக் குழந்தைகளுக்கு என்ன தின்னக் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தக் கரடிகள் பல தலைமுறைகளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. யொதொபாஷி கேமரா கடையின் பாட்டு, 'குளோரி குளோரி அல்லேலூயா' என்று நம் ஊர்த் தேவாலயங்களிலும் பாடப்படும் அமெரிக்க மெட்டு. வரிகளில் பக்தி ஏதும் இல்லை. பச்சை நிற யமனோதே ரயில் வட்டமடிக்கும், சுவோ ரயில் நடுவே குறுக்கிடும், ஷின்ஜுகு நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கினால் எதிரே கடை. அதாவது கடைக்கு வழி சொல்கிறார்கள்! அல்லேலூயா மெட்டில் பஸ் ரூட் பாடுவதுபோல.

இந்தப் பெயர் சொல்லும் மரபுக்கு இப்போது சட்டப் பாதுகாப்பே வந்துவிட்டது. 2015 ஏப்ரல் முதல் ஜப்பானில் ஒலியையும் வணிகக் குறியாகப் பதிவு செய்யலாம். முதலில் பதிவானவற்றில் வலிநிவாரணப் பட்டை தயாரிக்கும் ஹிசமிட்சு தன் பெயரைப் பாடும் நான்கு சுர ஒலியும் ஒன்று.

ஆனால் ஜப்பானியரிடம் மறக்க முடியாத விளம்பரப் பாட்டு எது என்று கேட்டால், பெரும்பாலும் இன்னொரு வகைதான் முன்னால் வரும்.

கொபயாஷி ஆசேய் என்ற பெயர் ஜப்பானுக்கு வெளியே அதிகம் தெரியாது. ஜப்பானுக்குள் அவர் மெட்டு ஒன்றையாவது பாடத் தெரியாதவர் அரிது. 1932இல் பிறந்தவர், பருத்த உடம்பு, தொலைக்காட்சித் தொடரில் முன்கோபக்கார அப்பாவாக நடித்தும் பேர் வாங்கினார். 1961இல் ரெனௌன் ஆடை நிறுவனத்துக்கு அவர் போட்ட துள்ளல் மெட்டு அவரை மேலே தூக்கியது. பின்னால் பிரெஞ்சுப் பாடகி சில்வி வர்த்தானே அதைப் பாடினார். சன்தோரி ஓல்டு விஸ்கிக்கு அவர் தந்ததில் சொற்களே கிடையாது. ஓர் ஆண்குரல் அர்த்தமில்லாத அசைகளை முனகிக்கொண்டு போகும், கிதார் கூடவே நடக்கும். வேலை முடிந்து தனியாகக் குடிக்கும் ஆணுக்கு வேறென்ன பேச்சு வேண்டும்?

அவருடைய உச்சம் 1973. ஹிட்டாச்சிக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. சிக்கல் என்னவென்றால், ஹிட்டாச்சி எதை விற்கிறது? குளிர்சாதனப் பெட்டியும் விற்கிறது, ரயில் எஞ்சினும் விற்கிறது, மின்நிலைய டர்பைனும் விற்கிறது. ரயில் எஞ்சின் வாங்கச் சொல்லி இல்லத்தரசிக்கு விளம்பரம் செய்ய முடியாது. பாடலாசிரியர் இதோ அகிரா ஒரு மரத்தைப் பிடித்தார். இது என்ன மரம், பெயர் தெரியாத மரம் என்று ஒரு குழு பாடுகிறது. ஊருக்கே தெரிந்த கம்பெனி ஒன்று, தன்னைப் பெயர் தெரியாத மரம் என்று பாடிக்கொள்ளக் காசு கொடுத்திருக்கிறது. அந்த அறையில் யார் இதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

முதலில் வந்தது கேலிச்சித்திர மரம். 1975இல்தான் நிஜ மரம் திரைக்கு வந்தது. ஹவாய்த் தீவுகளில் ஹொனலூலுவின் மோவனலுவா தோட்டத்தில் நிற்கிறது அது. சுமார் 25 மீட்டர் உயரம், குடை விரித்தாற்போல 40 மீட்டர் அகலம். விளம்பரத்தில் வேறொன்றும் நடக்காது. புல்வெளி, மரம், வெளிச்சம் மாறுவது, பாட்டு. ஹிட்டாச்சி ஆதரவில் ஓடிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் முடிவில் பாட்டு முழுசாக ஒலிக்க, குழும நிறுவனங்களின் பெயர்கள் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். பெயர்களை யார் படித்தார்கள்? மரத்தைத்தான் பார்த்தார்கள். அந்த மரத்தின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமைக்காகத் தோட்டத்துக்கு நிறுவனம் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஜப்பானியச் சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பது வழக்கமாகிவிட்டது.

அரை நூற்றாண்டாக ஒரு நாடே பாட்டாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனும் பதில் சொல்லிவிடுவான். தூங்குமூஞ்சி மரம். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் நெடுஞ்சாலை ஓரங்களிலும் கலெக்டர் ஆபீஸ் வளாகங்களிலும் குடைவிரித்து நிற்கும் அதே மரம்தான்.

இதோ அகிராவும் மிகி தொரிரோ பட்டறையின் பிள்ளை. அவர் கையெழுத்து அதே 1973இல் இன்னொரு பாட்டிலும் இருக்கிறது. அங்கிருந்துதான் அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது.

அதே பட்டறையில் தொழில் கற்ற ஓமோரி அகியோ தனியாக விளம்பர இசை நிறுவனம் ஒன்று தொடங்கியிருந்தார். மிட்சுயா சைடர் என்ற சோடா பானத்துக்குப் பாட்டு வேண்டும். வழக்கமான விளம்பர இசையமைப்பாளர்களை விட்டுவிட்டு, கலைந்துபோன ஒரு ராக் குழுவின் பாடகர் ஓதாகி எய்இச்சியை அவர் தேடிப் போனார். 'சைடர் 73' அப்படிப் பிறந்தது. இன்று சிட்டி பாப் என்று உலகமெங்கும் இளைஞர்கள் தேடிக் கேட்கும் இசையின் முன்னோடிகளில் ஒருவர் ஓதாகி. அவரோடு திரிந்த யமஷிதா தட்சுரோ, பிறகு யானோ அகிகோ, சகாமோதோ ரியுஇச்சி என்று ஒரு தலைமுறையே ஓமோரியின் வாசலில் வேலை பார்த்தது. ரெக்கார்டு விற்காத காலத்தில் விளம்பரம் அவர்களுக்கு ஸ்டுடியோ நேரத்தையும் நல்ல வாத்தியக்காரர்களையும் வாடகைப் பணத்தையும் கொடுத்தது. புரவலர் என்றால் அந்தக் காலத்து ஜமீன்தார்தான் என்றில்லை. சோடாக் கம்பெனியும் புரவலர்தான்.

இதன்பின் விளம்பரத்துக்காக எழுதும் பாட்டுக்கும் கடையில் விற்கும் பாட்டுக்கும் இருந்த வேலி சாய்ந்தது. அவர்கள் இதை 'டை-அப்' என்கிறார்கள். கம்பெனிக்கு நட்சத்திரப் பாடகர் மலிவாகக் கிடைக்கிறார். ரெக்கார்டு கம்பெனிக்குத் தன் பாட்டை ஒரு நாளில் பல முறை ஒளிபரப்பும் வாய்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. திரையின் மூலையில் சின்ன எழுத்தில் பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் வரும்.

இந்த விளையாட்டு உச்சத்தைத் தொட்டது இரண்டு அழகுசாதன நிறுவனங்களின் சண்டையில். ஷிசெய்தோவும் கனெபோவும் வசந்தத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, இலையுதிர்காலத்துக்கு ஒன்று என்று பருவத்துக்குப் பருவம் பாட்டு இறக்கின. 1978 கோடையில் கனெபோவுக்கு சர்க்கஸ் என்ற குழு பாடிய 'மிஸ்டர் சம்மர்டைம்', ஷிசெய்தோவுக்கு யசாவா எய்கிச்சியின் 'காலமே நில்'. இரண்டுமே ரெக்கார்டு விற்பனையை வரிசைப்படுத்தும் ஒரிகான் பட்டியலில் முதலிடத்துக்குப் போயின. இலையுதிர்காலம் வந்ததும் ஷிசெய்தோ 'உன் விழிகள் 10,000 வோல்ட்' என்று அடித்தது. ஹோரியுச்சி தகாவோ பாடிய அதுவும் முதலிடம். இந்தத் தலைப்பு முதலில் விளம்பர வாசகம். வாசகம் தயாரான பிறகுதான் அதைச் சுற்றிப் பாட்டு எழுதினார்கள். 1981இல் கனெபோ உதட்டுச்சாயத்துக்கு யானோ அகிகோ பாடியதற்கு வரிகள் எழுதியவர் இதோய் ஷிகெசாதோ, தொழிலால் விளம்பர வாசகம் எழுதுபவர். யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற மின்னணு இசை மும்மூர்த்திகள்கூட 1983இல் கனெபோவுக்காக இளம் நட்சத்திரங்களைப்போலச் சிரித்துப் பாடினார்கள். கிண்டலாகச் செய்தார்களா நிஜமாகவா என்று இன்னும் ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உதட்டுச்சாயத்தின் பிராண்டு பெயர் எந்தப் பாட்டுக்குள்ளும் ஓங்கி ஒலிக்காது. நல்ல மனத்தால் அல்ல, கணக்கால். என்.எச்.கே.யில் பாட முடியாத பாட்டு நாடு முழுவதும் பரவாது; என்.எச்.கே.யோ வணிகப் பெயர் என்றால் காத தூரம் ஓடும். யமகுச்சி மொமோயே 1978இல் பாடிய பாட்டில் சிவப்பு நிற போர்ஷே என்று வருவதை, என்.எச்.கே. நிகழ்ச்சியில் சிவப்புக் கார் என்று மாற்றிப் பாட வைத்தார்கள். போர்ஷே கம்பெனி அதற்குக் காசு கொடுக்கவே இல்லை! அப்படியிருக்க, காசு வாங்கிய பாட்டு எப்படி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

பாட்டின் உடம்பையே மாற்றியது இன்னொன்று. ஜப்பானியத் தொலைக்காட்சி விளம்பரம் பொதுவாக 15 நொடிதான். அதில் பேச்சும் வேண்டும், பொருளைக் காட்டவும் வேண்டும். பாட்டுக்கு மிஞ்சுவது ஏழெட்டு நொடி. முன்னிசை, சரணம் எல்லாம் போட்டுப் பல்லவியின் உச்சத்துக்கு ஏறுவதற்குள் விளம்பரம் முடிந்துவிடும். ஆகவே உச்சத்தை முதலில் எழுதினார்கள். மெட்டின் அந்த இடத்தை அவர்கள் 'சபி' என்பார்கள். முதலில் பதினைந்து நொடி சபி தயாராகும், விளம்பரம் ஓடும், மக்கள் பிடித்துக்கொண்டால் மீதிப் பாட்டை அவசரமாக எழுதி ரெக்கார்டு போடுவார்கள். 1990களின் ஜப்பானியப் பாட்டுகள் பல எடுத்த எடுப்பிலேயே உச்சஸ்தாயியில் பாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். சரணங்கள் வெறும் சட்டமாகத் தொங்கும் பாட்டுகளும் ஏராளம். அவற்றை முழுசாகக் கேட்பது ஒரு தண்டனை.

பெயரை மறைப்பதன் பலனுக்கு 1983 ஒரு நல்ல பாடம். சன்தோரி டப்பா பீருக்கு ஓர் அனிமேஷன் விளம்பரம்: மதுக்கூடத்தில் பென்குயின் ஒன்று மேடையேறிப் பாடுகிறது, கேட்கும் இன்னொரு பென்குயினுக்குக் கண்ணீர் வழிகிறது. பின்னணியில் ஜாஸ் சாயலில், ஆங்கிலத்தில், ஒரு பெண்குரல். பாடுவது யார் என்று திரையில் போடவில்லை. யார் இது என்ற விசாரிப்பு எழுந்தது. விடை மட்சுதா செய்கோ. அந்த ஆண்டு ஜப்பானில் எல்லாச் சுவரிலும் தொங்கிய இளம் நட்சத்திரம். குழந்தைத்தனமாகப் பாடுவார் என்று எல்லாரும் முத்திரை குத்தி வைத்திருந்த குரல். 'ஸ்வீட் மெமரிஸ்' முதலில் வேறொரு பாட்டின் பின்பக்கமாகத்தான் வெளிவந்தது. விளம்பரம் ஓடிய பிறகு முன்பக்கத்துக்கு வந்து முதலிடமும் பிடித்தது.

பழைய பாட்டுக்கு விளம்பரம் மறுபிறவி கொடுத்ததற்கு ரயிலைவிட்டால் வேறு உதாரணம் இல்லை. அரசு ரயில்வே 1987இல் தனியார்மயமானது. தோகாய்தோ அதிவேக ரயிலை எடுத்துக்கொண்ட ஜே.ஆர். தோகாய், வெளியூரில் வேலை பார்க்கும் காதலன் கிறிஸ்துமஸுக்கு ரயிலில் வந்து இறங்குவதை விளம்பரமாக்கியது. 1989 படத்தில் மகிசே ரிஹோ என்ற இளம் நடிகை. நகோயா நிலையம். பரிசுப் பெட்டியை அணைத்துக்கொண்டு கூட்டத்தினூடே ஓடுகிறாள், ஒருவர்மேல் மோதிக்கொள்கிறாள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடுகிறாள். வாயிலை அடைகிறாள். அவன் வருவதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மூச்சு வாங்குகிறாள், முகம் முழுக்கச் சிரிப்பு. அவ்வளவுதான். பின்னணியில் யமஷிதா தட்சுரோவின் 'கிறிஸ்துமஸ் ஈவ்'. 1983இல் வெளிவந்த பாட்டு அது. வரிகளைக் கேட்டால் காதலி வரமாட்டாள், நான் தனியாகத்தான் இருக்கப்போகிறேன் என்று ஒருவன் புலம்புவது! வந்து சேரும் காதலர்களுக்கு வராத காதலியின் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். யாரும் புகார் சொல்லவில்லை. 1989 டிசம்பரில் அது ஒரிகான் முதலிடம் ஏறியது. 1986 முதலே ஒவ்வோர் ஆண்டும் முதல் 100 இடங்களுக்குள் வந்துகொண்டே இருந்ததால், 30 ஆண்டுத் தொடர்ச்சிக்காக 2016இல் கின்னஸ் சான்றிதழும் கிடைத்தது. ஒளிந்துகொள்ளும் அந்தப் பெண்ணை நினைவில்லாத ஐம்பது வயது ஜப்பானியரை நான் கற்பனை செய்யவே கஷ்டப்படுகிறேன்.

ரயில் ஓடிய அதே ஆண்டுகளில்தான் இன்னொரு விளம்பரம் நாட்டையே பிடித்து ஆட்டியது. சாங்க்யோ மருந்து நிறுவனத்தின் சக்தி பானம் ரிகெய்ன். கோட்டு சூட்டு போட்ட அலுவலக வீரன், கையில் பெட்டி, ராணுவ அணிவகுப்புபோல ஒரு மெட்டு, 24 மணி நேரமும் போராட உன்னால் முடியுமா என்று கேள்வி. பாடியவர் நடிகர் தொகிதோ சபுரோ. பங்குச் சந்தை விண்ணைத் தொட்ட 1989இல் அது நாடெங்கும் வழங்கிய சொல்லாகிவிட்டது. பாதி கேலிதான். அந்தக் கேலியில் மீதிப் பாதி என்ன என்பது அலுவலகத்தில் இரவு பதினொரு மணிக்கு அந்தப் பாட்டை முணுமுணுத்தவர்களுக்குத் தெரியும். அதிக வேலையால் சாவதற்கு அந்த நாட்டில் தனிப் பெயரே புழக்கத்தில் வந்துவிட்டிருந்த காலம்.

பொருளாதாரக் குமிழி உடைந்தது. பத்து ஆண்டு கழித்து, 1999இல், அதே நிறுவனம், அதே ரிகெய்ன் பெயரில் ஒரு மாத்திரை. இம்முறை சகாமோதோ ரியுஇச்சி பியானோவின் முன் உட்கார்ந்து மெதுவாக ஒரு மெட்டை வாசிக்கிறார். களைத்திருக்கும் எல்லாருக்கும் இந்த இசை என்கிறது விளம்பரம். பாட்டு இல்லை, சொல் இல்லை. 'எனர்ஜி ஃப்ளோ' அடங்கிய அந்த வட்டு ஒரிகான் வாரப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. குரலே இல்லாத ஓர் இசை அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பொருளாதார நிபுணர்கள் எழுதித் தள்ளிய புத்தகங்களை விட இந்த இரண்டு விளம்பரங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பது எனக்கு அந்தப் பத்தாண்டை நன்றாகப் புரியவைத்தது. 2014இல் ரிகெய்ன் மறுபடி வந்தபோது, 24 மணி நேரம் போராடுவது கஷ்டம்தான், மூன்று நான்கு மணி நேரம் முடியுமா என்று இறங்கி வந்துவிட்டது.

1990களின் டை-அப் வெள்ளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பனிச்சறுக்குக் கருவிகள் விற்கும் அல்பென் கடைக்கு ஹிரோசே கோமி ஒவ்வொரு குளிர்காலமும் பாடினார், பொகாரி ஸ்வெட் பானத்துக்கு ஸார்டு, ஜே.ஆர். கிழக்கின் பனிச்சறுக்கு ரயிலுக்கு குளோப். நல்ல பாட்டுகள் உண்டு, விற்பனையும் மலையளவு. ஆனால் அல்பெனையும் பொகாரியையும் தவிர்த்துப் பார்த்தால், எந்தப் பாட்டு எந்தப் பொருளுக்கு என்று கேட்டால் ரசிகர்களே தடுமாறுவார்கள். பொருளுக்கும் பாட்டுக்கும் உறவே இல்லாமல் போய்விட்டது. வாடகைக்கு இடம் பிடிப்பது போலத்தான் ரெக்கார்டு கம்பெனிகள் விளம்பரத்தைப் பிடித்தன.

உறவு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு விஸ்கி சாட்சி. 1990இல் சன்தோரி, கிரெஸ்ட் என்ற உயர்ரக விஸ்கிக்காக இஷிகாவா சயூரியைப் பாட வைத்தது. அவர் என்கா என்ற, கண்ணீரும் துறைமுகமும் நிறைந்த பழைய பாணியின் ராணி. இங்கே குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு விஸ்கி பிடிக்கும்தானே என்று பக்கத்து இருக்கையிலிருந்து கேட்பதுபோலப் பாடினார். 1983இல் உச்சத்தைத் தொட்டிருந்த ஜப்பானின் விஸ்கி விற்பனை அப்போதே சரியத் தொடங்கியிருந்தது. இந்தப் பாட்டால் ஒன்றும் நிமிரவில்லை. கால் நூற்றாண்டு சரிந்தபின், 2008 வாக்கில் சன்தோரி, விஸ்கியில் சோடா ஊற்றிக் குடிக்கும் ஹைபாலைத் தூக்கிப்பிடித்தது. நடிகை கொயுகி மதுக்கூடத்துக் கல்லாவின் பின்னால் நின்று சோடா ஊற்றினார். பாட்டு? அதே பழைய பாட்டு, வேறு வேறு குரல்களில். இம்முறை பிடித்துக்கொண்டது. இளைஞர்கள் விஸ்கிக்குத் திரும்பியதற்குப் பாட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சோடாவும் விலையும் காரணம். ஆனால் கிரெஸ்ட் விஸ்கிப் புட்டி எப்படி இருக்கும் என்று நினைவில்லாதவர்களுக்கும் அந்த மெட்டு நினைவிருந்தது.

பொருள் போனபின் பாட்டு நிற்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிறது. கொபயாஷி ஆசேய்க்குப் புகழ் வாங்கித் தந்த ரெனௌன் 2020இல் திவாலானது. 2021 மே மாதம் இதோ அகிராவும் கொபயாஷியும் இரண்டு வார இடைவெளியில் காலமானார்கள். மெய்ஜி நிறுவனத்தின் செல்சி என்ற மிட்டாய்க்கும் கொபயாஷி மெட்டுப் போட்டிருந்தார். தலைமுறைக்கு ஒரு பாடகர் என்று பலர் அதைப் பாடினார்கள். 2024 மார்ச்சில் செல்சி விற்பனை நிறுத்தப்பட்டபோது, மிட்டாயைக் கடைசியாக எப்போது வாங்கினோம் என்று தெரியாதவர்கள்கூட அந்தப் பாட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். வாங்கியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்களே என்று மெய்ஜியின் கணக்கர் யாராவது முணுமுணுத்திருக்கலாம்.

இணையம் வந்தபின் தொலைக்காட்சி விளம்பரப் பாட்டின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் 2015இல் 'ஏயூ' கைபேசி நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றில் நாட்டார் கதையின் உராஷிமா தாரோ வேடத்தில் நடிகர் கிரிதானி கென்தா கடற்கரையில் உட்கார்ந்து, மூன்று தந்தி ஒகினாவா வாத்தியத்தை மீட்டி, 'கடலின் குரல்' என்று ஒரு பாட்டைப் பாடினார். வரிகள் எழுதியவர் அந்த விளம்பரத்தைத் திட்டமிட்ட விளம்பரக்காரரே, ஷினோஹாரா மகோதோ. இசை, ஒகினாவாவின் பிகின் குழுவைச் சேர்ந்த ஷிமபுகுரோ மசாரு. தொலைவில் இருப்பவளின் குரலைக் கேட்க ஏங்கும் பாட்டு. கைபேசி என்ற சொல்லோ கம்பெனியின் பெயரோ வராது. அடுத்த ஆண்டு டிசம்பர் 31 இரவு, நாடே பார்க்கும் புத்தாண்டுப் பாட்டு விழாவில் கிரிதானி மேடையேறி அதைப் பாடினார். நடத்துவது என்.எச்.கே. ஒரு சொல்லையும் மாற்றச் சொல்ல அவர்களுக்கு வேலையே இருக்கவில்லை.